மூன்றாம் மணி வரை

பதினோரு மணிக்குப் பழைய டெலிபோன் பெட்டியை நிறுத்திவிடுவோம் என்று கோயமுத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் பெண் சொல்லிவிட்டாள், இப்போது பத்து இருபது, இன்னும் நாற்பது நிமிஷம் கிடக்கிறது, நாற்பது நிமிஷத்தில் ஆறு வார்த்தை சொல்ல முடியாதா என்று அம்சவேணி தன்னையே கேட்டுக்கொண்டாள், ஆறே வார்த்தைதான், காலையில் தோசையைத் திருப்பும்போதே கோத்து வைத்துக்கொண்டது: முதலாளி, புது மிஷின் முதல் மணியிலேயே எடுத்துருதுங்க. பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள்ளேயே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூடைக்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது, ஆபீஸ் படியில் செருப்பைக் கழற்றியதும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. சுவரில் அந்தப் பழைய பெட்டி, பழுப்பேறின வெள்ளை, மேலே வைத்த பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு, தனக்கு நாற்பது நிமிஷந்தான் ஆயுசு என்று தெரியாமல். அதன் கீழே ரெஹானா என்கிற அந்த இன்ஜினியர் பெண் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள், இருபத்தி மூன்று வயசிருக்குமா, தன்னைவிட நாலு வயசு சின்னவள், முதலாளியிடம் நேருக்கு நேர் நிமிர்ந்து பேசுகிறாள், "சார், லைன் எல்லாம் இனி கிளவுட்ல இருக்கும், மேகத்துல இருக்குன்னு வெச்சுக்கங்க, பெட்டியே வேண்டாம், நம்பர் மட்டும் அதேதான்" என்கிறாள், முதலாளியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்கிறார், நாற்பத்திரண்டு லாரிக்குச் சொந்தக்காரர், சங்ககிரியில் குழந்தைவேலு என்றால் பெட்ரோல் பங்குக்காரன் எழுந்து நிற்பான், அவரே அண்ணாந்து பார்க்கிறார். நேற்று சாயங்காலம் சோதனைக்காகப் புது மிஷினை ஒரு தற்காலிக நம்பரில் போட்டுக் காட்டினார்கள். "அக்கா, உங்க செல்லுல இருந்து கூப்பிட்டுப் பாருங்க" என்றாள் ரெஹானா. கூப்பிட்டாள். மணியே அடிக்கவில்லை. சடக்கென்று எடுத்து, தேன் தடவினாற்போல ஒரு பெண் குரல், வணக்கம், தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது, முன்பதிவுக்கு ஒன்றை அழுத்தவும். முதலாளி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், "பாத்தியா, ஒரு மணிகூட முழுசா அடிக்கலை, எடுத்துருச்சு! இனி எவனாச்சும் குழந்தைவேலு ஆபீஸ்ல போன் எடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லட்டும் பார்க்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். அம்சவேணியும் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றது, அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று, வேறு யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் அவள்தான் ஆறு வருஷமாக எடுக்காமல் இருக்கிறவள். போனை எடுக்காமல் இருப்பதுதான் அவள் வேலையில் பாதி, இதை யாரிடம் போய்ச் சொல்வது. எட்டாவதோடு நின்று, மில்லுக்குப் போய், கல்யாணமாகி, பிறகு இந்த ஆபீஸைக் கூட்டித் துடைக்க வந்தவள், போன் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போன மறுநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, துடைப்பத்தைச் சாத்திவிட்டு எடுத்தாள், அவ்வளவுதான், அன்றிலிருந்து இந்த நாற்காலி. நேரில் நாலு பேர் இருந்தால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறவளுக்குப் போனில் மட்டும் எங்கிருந்தோ குரல் வந்தது, முகம் இல்லாததால் வந்தது, அவளுக்கும் முகம் இல்லை, அந்தப் பக்கத்தாருக்கும் இல்லை, குரல் மட்டும் தனியாக நடந்து போய்விட்டு வந்தது. டிரைவர்கள் ஆபீஸம்மா என்றார்கள். லாரிகளின் பின்பக்கம் பெயின்ட்டில் எழுதியிருக்கிற நம்பர் அவளுடைய நம்பர். ஆனால் டிரைவர்களுக்குப் போனில் பேசப் பிடிக்காது, பேசினால் கேள்வி வரும், எங்கே நிற்கிறே, ஏன் நிற்கிறே, டீ குடிக்க எவ்வளவு நேரம், பக்கத்தில் முதலாளி இருந்தால் தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டு அவரே கேட்பார். இப்போதெல்லாம் போன் பேசக் காசு ஆவதில்லை, ஆனாலும் பேச்சென்றால் பேச்சுத்தான். செங்கோடன் அண்ணன்தான் முதலில் சொன்னது, "ஆபீஸம்மா, மிஸ்டு கால் உட்டுட்டா அது ஏன் லேட்டுன்னு கேக்காதுல்ல?" அப்படி ஆரம்பித்தது. ஒரு மணி அடித்து நின்றால் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டு மணி என்றால் லோடு இறக்கியாயிற்று, வண்டி காலி. ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று அடித்தால் வழியில் நிற்கிறேன், பயமில்லை. மூன்றாம் மணி தாண்டியும் அடித்தால் எடு, ஏதோ தொந்தரவு. இதையெல்லாம் அவள்தான் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒவ்வொரு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள், யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மணி அடிக்கும், போன் கண்ணாடியில் நம்பர் விழும், நோட்டில் டிக் போடுவாள், அரைமணிக்கு ஒருதரம் முதலாளிக்கு வண்டி நிலவரம் போகும், அவரும் பார்ட்டிகளிடம் "நம்ம டிரைவருங்க மாதிரி சொன்ன நேரத்துக்குத் தகவல் சொல்றவன் எந்த ஆபீஸ்லயும் கிடையாது" என்று பெருமை அடித்துக்கொள்வார், அவர் நினைப்பு என்னவென்றால் அம்சவேணி ஒவ்வொருத்தனையும் பேசிக் கேட்கிறாள் என்று. சில சமயம் மணி அடிக்கும்போது அந்தப் பக்கம் போனால் மட்டும் "போன் அடிக்குதில்ல, எடுக்க மாட்டியா அம்மிணி, கனவு காண்றியா" என்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அந்த நேரம் பார்த்து மணி நின்றுவிடும். "பாரு, கட்டாயிருச்சு" என்று உச்சுக்கொட்டிக்கொண்டு போவார். ஆறு வருஷமாக வாங்கிய உச்சு. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, உள்ளே ஒரு சிரிப்புகூட ஓடும், வண்டி ஓசூர் சேர்ந்ததை அவர் காதுக்கு முன்னாலேயே மணி சொல்லிவிட்டுப் போகிறது, அவருக்குத்தான் கேட்கவில்லை, இந்த ஆபீஸில் அது கேட்கிற காது தன்னுடையது ஒன்றுதான் என்று.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் நேற்றுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது. முதல் மணியிலேயே ஆபீஸ் எடுத்தால் என்ன அர்த்தம் என்பது முருகேசனிடம் ஆரம்பித்தது, ஒருநாள் அவன் அப்பா இறந்துபோய் வீட்டில் தவித்துக்கொண்டிருந்தார்கள், அவன் எங்கோ ஆந்திராவில் சிக்னல் இல்லாத இடத்தில், எப்போது மிஸ்டு கால் வரும் என்று அவள் ரிசீவரில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்து பாதி மணியில் எடுத்து, அண்ணா வண்டியை ஓரங்கட்டுங்க என்றாள். அதன் பிறகு அதுவும் ஒரு விதியாகிப் போயிற்று. முதல் மணியில் எடுத்தால் வண்டியை அந்த இடத்திலேயே ஓரங்கட்டு, வீட்டில் ஏதோ நடந்துவிட்டது. ஆறு வருஷத்தில் மூன்றே முறை எடுத்திருக்கிறாள், மூன்றும் சாவு. மூன்று சாவைச் சொன்ன எடுப்பை இன்றைக்குப் பதினோரு மணியிலிருந்து அந்தத் தேன்குரல்காரி நாற்பத்திரண்டு பேருக்கும் எடுக்கப் போகிறாள், தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்று. அதைக் கேட்கிற வரைக்கும் யார் காத்திருப்பான், எடுத்த சடக்கு கேட்டதுமே நெஞ்சு நின்றுவிடும். பத்து முப்பத்தி ஐந்து. செங்கோடன் அண்ணன் பெங்களூரில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு வருகிறார், தர்மபுரி தாண்டியிருப்பார், தொப்பூர்க் கணவாய் இறங்கினதும் ஒரு மணி கொடுப்பது வழக்கம், எல்லோரும் இறங்கி முடித்துக் கொடுப்பார்கள், அவர் மட்டும் அவசரக்காரர், கடைசி வளைவிலேயே ஒரு கையால் அழுத்திவிடுவார், எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, "ஆபீஸம்மா, நீங்க எடுக்க மாட்டீங்கங்கற தைரியந்தான்" என்று சிரிப்பார். அவர் சம்சாரத்துக்கு இது ஒன்பதாம் மாசம், முந்தாநாள்தான் திருச்செங்கோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், முதல் பிரசவத்திலேயே கஷ்டப்பட்டுப் பிழைத்தவள். சரிவில், இருபத்தைந்து டன்னோடு, முதல் மணியிலேயே சடக். பிரேக்கில் கால் என்ன பாரத்தோடு விழும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, திறந்துகொண்டாள். நிறுத்தின பிறகு சொல்லிக்கொள்ளலாமே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அது அவளுடைய குரல்தான், அதை அவளுக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் கேட்டாள்: நீ ஏன் சொல்லணும், மிஷின் வரட்டும், சொதப்பட்டும், நிலவரம் எதுவும் வராமல் முதலாளி தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும், அப்போது தெரியும் இந்த நாற்காலி எதுக்கு இருந்தது என்று. இந்த மிஷின் வந்தால் ஆளே வேண்டாமாம், வாங்கச் சொல்லி வந்த ஆள் அப்படித்தான் சொன்னான், முதலாளி அப்போது இவள் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காததுதான் பார்த்த மாதிரி இருந்தது. சொன்னாலோ, போன் எடுக்காமலே ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும், அப்புறம் எதுக்கும்மா உனக்கு நாற்காலி என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறாள். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் யாருக்கோ போச்சு. அப்போது போன் ஒரு மணி அடித்து நின்றது. நம்பரைப் பார்க்காமலே தெரியும், பத்து நாற்பது, அங்கன்வாடி டீச்சர், மகள் இனியா அழுகையை நிறுத்திவிட்டாள், சுண்டல் சாப்பிடுகிறாள். ஒரே மணிதான். அந்த மணிக்காக இவள் காலையிலிருந்து பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருப்பாள், மூன்று வயசு, இடது கால் ஷூவை மட்டும் போடமாட்டேன் என்று தினமும் அடம், அழுதுகொண்டே கையாட்டுகிற குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறுவது, பத்து நாற்பதுக்கு இந்த ஒரு மணி, அதன் பிறகுதான் முழு மூச்சு. இப்போதும் வந்தது, முழுசாக வந்தது. அந்த மூச்சிலேயே நினைத்தாள், செங்கோடன் அண்ணன் சம்சாரமும் இப்படித்தானே ஏதோ ஒரு மணிக்காகக் கிடப்பாள்.

பத்து ஐம்பது. ரெஹானா எழுந்து பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தாள். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக ஒயர்கள், குடலைப் போல. அம்சவேணி எழுந்தாள். முதலாளி அறை பத்தடி தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால், அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார், உச்சி வழுக்கையில் ட்யூப்லைட் வெளிச்சம். பத்தடிதான். மூன்றடி போனாள். கால் நின்றுவிட்டது. போன வருஷம் செங்கோடன் அண்ணன் முதல்முறையாக ஆபீஸுக்குள் வந்து இவள் முன்னாலேயே நின்று, "ஏம்மா, இங்க ஆபீஸம்மான்னு ஒருத்தர் இருப்பாங்களே, எங்க அவங்க?" என்று கேட்டார், இவள் தரையைப் பார்த்தபடி நின்றாளே தவிர நான்தான் என்று வாய் வரவில்லை, "ஊமைப் புள்ளையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், சாயங்காலம் போனில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள் இரண்டு பேரும். போனில். போனில் என்றால் வரும். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது, பச்சை விளக்கு சிமிட்டுகிறது. ரிசீவரை எடுத்தாள், இரண்டு, ஒன்று, முதலாளி அறை நம்பர், எத்தனையோ பேரை அவருக்குக் கொடுத்திருக்கிறாள் இந்த நம்பரில், தன்னைக் கொடுத்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மணி அடித்தது, அவர் கை நீண்டு எடுப்பது தெரிந்தது. "சொல்லு, யாரு லைன்ல?" என்றார். "நான்தானுங்க முதலாளி, அம்சவேணி" என்றாள், குரல் வந்துவிட்டது, தெளிவாக வந்தது, "புது மிஷின் முதல் மணியிலேயே எடுத்துருதுங்க, அப்படி எடுத்தா நம்ம டிரைவருங்க வீட்டுல எழவுன்னு நெனச்சுக்குவாங்க, செங்கோடண்ணன் இப்ப கணவாய்கிட்ட வந்துட்டிருக்காருங்க." வழுக்கைத் தலை அசையவில்லை. பிறகு நாற்காலி மெதுவாகத் திரும்பியது, கண்ணாடி வழியாக அவர் அவளைப் பார்த்தார், அவள் மேசையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு மணி, இரண்டு மணி, மூன்றாம் மணி, முருகேசன் அப்பா. "அப்ப இத்தனை வருஷமா," என்றார் அவர், நிதானமாக, "போன் அடிக்க அடிக்க நீ எடுக்காம உக்காந்துட்டிருந்தது?" "எண்ணிட்டிருந்தேனுங்க." "என்னத்தை?" "மணியைங்க." ரிசீவரில் அவருடைய மூச்சு மட்டும் வந்தது, அவள் பயந்துகொண்டே எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு அந்த மூச்சு உடைந்து ஒரு சத்தமாக வந்தது, சிரிப்பா இருமலா என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. "அட சாமி," என்றார், "நான் என் டிரைவருங்களைப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரியறேன், அதெல்லாம் உன்னைப் பத்தின பெருமையாட்டம் இருக்குதே." பிறகு குரலை உயர்த்தினார், போனிலும் கேட்டது, கண்ணாடி வழியாகவும் கேட்டது: "ஏம்மா ரெஹானா, பெட்டியில கை வெக்காதே, இங்க வா!"

ரெஹானா கேட்டுவிட்டு ஸ்க்ரூ ட்ரைவரோடு அப்படியே நின்றாள். "இதை யாரும் எங்ககிட்ட சொல்லலையே சார்" என்றாள், பிறகு, "பண்ணிடலாம், டிரைவர் நம்பரை எல்லாம் தனியாப் போட்டுட்டா அவங்களுக்கு அந்தக் குரல் வராது, நேரா அக்கா போனுக்கு மணி அடிக்கும், அக்கா எடுத்தாத்தான் எடுத்த மாதிரி, எத்தனை நொடி அடிச்சுதுன்னு திரையில கூட விழும். ஆனா எல்லா நம்பரும் இப்பவே வேணும், லிஸ்ட் இருக்கா?" முதலாளி மேசை இழுப்பறையைத் திறந்தார், எதையோ தேடினார், போன வருஷத்து டைரி கிடைத்தது, அதில் பாதி ஆள் மாறியிருந்தது. அம்சவேணி இன்னும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள், வைக்கத் தோன்றவில்லை, வைத்துவிட்டால் இந்தக் குரல் போய்விடும் என்று இருந்தது. "நான் சொல்றேனுங்க" என்றாள் போனுக்குள். முதலாளி ஒரு பட்டனை அழுத்தினார், அவள் குரல் அந்த அறையின் ஸ்பீக்கரில் வந்தது, தன் குரலைத் தானே பத்தடி தூரத்தில் கேட்டாள், சின்னப் பெண் குரலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், அப்படி இல்லை, யாரோ விவரம் தெரிந்த பொம்பளை பேசுகிற மாதிரி இருந்தது. முருகேசன், பத்து இலக்கம். தனபால். பெரிய ராமசாமி, சின்ன ராமசாமி, இரண்டு பேருக்கும் கடைசி நம்பர் ஒன்றுதான் வித்தியாசம். யூசுப் பாய்க்கு இரண்டு நம்பர், மகாராஷ்டிரா போனால் இரண்டாவது. ரெஹானா தட்டிக்கொண்டே, "அக்கா, மெதுவா, மெதுவா" என்றாள். அவள் நோட்டைப் பார்க்கவில்லை. நோட்டில் நம்பரே கிடையாது, டிக் மட்டுந்தான், நம்பரெல்லாம் காதில் இருந்தது, ஒவ்வொரு மணிக்கும் பின்னால் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் பின்னால் ஓர் ஆள், ஆளுக்குப் பின்னால் ஒரு வீடு, யாருக்கு மகள் சடங்கு, யாருக்கு அம்மா கண் ஆபரேஷன், எட்டாவதில் கணக்கில் இருபத்தேழு மார்க் வாங்கினதற்கு வாத்தியார் பரீட்சைத் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார், இந்த நாற்பத்திரண்டையும் அவர் வந்து கேட்டிருக்க வேண்டும். முதலாளி எண்ணிக்கொண்டிருந்தார், விரல்விட்டு. "நாப்பத்திரண்டு ஆயிருச்சு" என்றார். "இன்னொண்ணு இருக்குதுங்க" என்றாள், சொல்லிவிட்டாள், பத்து இலக்கம். "இது எந்த வண்டி, நம்மகிட்ட நாப்பத்திரண்டுதானே?" அவளுக்குக் காது சூடாயிற்று. "அது எங்க பாப்பா வண்டிங்க" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் ரெஹானாவைப் பார்த்தார். "போடும்மா, போடு, நாப்பத்தி மூணு." "பேசி முடிச்சாச்சாக்கா, நிறுத்தட்டுமா?" என்று ரெஹானா கேட்டாள். அம்சவேணி ரிசீவரை வைத்தாள். பச்சை விளக்கு இன்னும் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு நின்றது. மணி பதினொன்று எட்டு.

புதுப் போன் கறுப்பாக, கண்ணாடி போட்டு, கையில் எடை இல்லாமல் இருந்தது. சத்தம் எப்படி இருக்குமோ, பழைய போன் கணீரென்று அடித்து ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி அடிக்கும், அந்தப் பெருமூச்சைத்தான் அவள் எண்ணுவாள், இதற்குப் பெருமூச்சு உண்டா. முதலாளி அறையிலிருந்து எழுந்து வந்து அவள் தடுப்புக்கு உள்ளேயே நின்றார், ஆறு வருஷத்தில் இங்கே உள்ளே வந்ததில்லை, ரெஹானா இந்தப் பக்கம், மூன்று பேரும் அந்தக் கறுப்புச் சாமானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பால் பொங்கக் காத்திருக்கிற மாதிரி. பதினொன்று பத்து. பதினொன்று பதிமூன்று. வளைவு தாண்டியிருக்க வேண்டும். நம்பரில் ஏதாவது ஒன்று தப்பாகச் சொல்லியிருந்தால், செங்கோடன் அண்ணன் நம்பர் ஏழு நாலு ஏழா, நாலு ஏழு நாலா, ஏழு நாலு ஏழுதான், ஏழு நாலு ஏழுதானா. இத்தனை நாள் நினைக்காமலே இருந்த நம்பர் நினைத்ததும் கலைந்தது, மாமியார் கோலத்தில் கால் வைத்த மாதிரி, எங்கே புள்ளி எங்கே கோடு என்று தெரியாமல். அந்தத் தேன்குரல்காரி எங்கோ மேகத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள், வணக்கம் சொல்ல. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "இறங்கியிருப்பானா?" என்றார், யாரையும் பார்க்காமல். அப்போது அடித்தது. புது மணி, பாட்டுப் போல, மெல்லிசாக. கண்ணாடியில் நம்பர் விழுந்தது. ஏழு நாலு ஏழு. பழக்கந்தான், மணி அடித்தால் எடுக்கிற மனுஷர், முதலாளியின் கை போனை நோக்கிப் போய்விட்டது, ரிசீவரைத் தொட்டும்விட்டது. அம்சவேணியின் கை அந்தக் கைமேல் விழுந்தது.

"எடுக்காதீங்க முதலாளி!"

ஆபீஸ் முழுக்கக் கேட்டது. லோடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். மணி நின்றது. அவள் கையை எடுத்துக்கொண்டாள், ஆனால் தலையைக் குனியவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள், அவருக்குப் புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது இத்தனை நாளாய்த் தெரியாது. இரண்டாவது மணி வருகிறதா என்று மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். வரவில்லை.

"ஒரு மணி," என்றாள் அம்சவேணி, நோட்டை இழுத்து டிக் போட்டுக்கொண்டே. "செங்கோடண்ணன் இறங்கிட்டாருங்க."